‘ஜீரோ புரோக்கரேஜ்’ என்றால் எவ்வளவு? ஆன்லைன் பங்கு புரோக்கரை ஒப்பிட்டுத் தேர்வது எப்படி

பங்கு புரோக்கரை ஒப்பிட உட்காருபவர்கள் வழக்கமாக நாலைந்து நிறுவனங்களின் கட்டணப் பக்கத்தைத் திறந்து, ‘டெலிவரி’ (வாங்கிய பங்கை அன்றே விற்காமல் வைத்துக்கொள்வது) என்ற வரியில் எங்கே சைபர் இருக்கிறது என்று பார்ப்பார்கள். அந்த ஒரு வரியை நம்பி முடிவெடுத்தால், வருடக் கடைசியில் கணக்கின் வரவுசெலவுப் பதிவான லெட்ஜரைத் திறக்கும்போது கணக்கு உதைக்கும். சைபர் என்பது பொய்யில்லை. ஆனால் சின்ன முதலீட்டாளரின் பணம் பெரும்பாலும் அந்த வரி வழியாகப் போவதில்லை.

அதனால் புரோக்கரைப் பார்க்கும் முன் உங்களைப் பாருங்கள். ஒரு தாளில் மூன்று எண்களை எழுதுங்கள்: மாதம் எத்தனை ஆர்டர் போடுவீர்கள், ஒரு ஆர்டர் சராசரியாக எத்தனை ரூபாய், வருடத்துக்கு எத்தனை தடவை விற்பீர்கள். மாதம் ஐயாயிரத்துக்கு இடிஎஃப் (பங்குபோலவே சந்தையில் வாங்கி விற்கும் ஃபண்ட்) வாங்கிப் பத்து வருடம் தொடாமல் வைப்பவருக்கும், வாரம் இரண்டு தடவை வாங்கி விற்பவருக்கும் மலிவான புரோக்கர் ஒருவரே என்று சொல்ல முடியாது. கீழே வரும் எல்லாக் கணக்கையும் இந்த மூன்று எண்களை வைத்துத்தான் போட வேண்டும்.

எவரிடம் போனாலும் கட்ட வேண்டியது

கட்டணத்தின் பெரிய பங்கு புரோக்கரின் கையில் இல்லை. டெலிவரியில் பங்குப் பரிவர்த்தனை வரியான எஸ்டிடி, வாங்கும்போது 0.1 சதவீதம், விற்கும்போது 0.1 சதவீதம். முத்திரைக் கட்டணம் வாங்கும்போது மட்டும் 0.015 சதவீதம், 2020 ஜூலையிலிருந்து இது நாடு முழுக்க ஒரே விகிதம். எக்ஸ்சேஞ்ச் எனப்படும் பங்குச் சந்தையான என்எஸ்இயின் பரிவர்த்தனைக் கட்டணம் லட்சத்துக்கு 3 ரூபாயை ஒட்டி வரும். சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபிக்குக் கோடிக்கு 10 ரூபாய். புரோக்கரேஜ், பரிவர்த்தனைக் கட்டணம், செபி கட்டணம் ஆகியவற்றின் மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி.

ஒரு கணக்கைப் போட்டே பார்ப்போம். 50,000 ரூபாய்க்கு ஒரு கம்பெனியின் பங்கை வாங்கி, சில மாதம் கழித்து 55,000-க்கு விற்கிறீர்கள். டெலிவரிக்குப் புரோக்கரேஜே இல்லாத இடம். வாங்கும்போது எஸ்டிடி 50, முத்திரை 7.50, எக்ஸ்சேஞ்ச் 1.50, செபி 5 காசு, ஜிஎஸ்டி 28 காசு, ஆக 59.33. விற்கும்போது எஸ்டிடி 55, எக்ஸ்சேஞ்ச் 1.65, செபியும் ஜிஎஸ்டியும் சேர்ந்து 36 காசு, ஆக 57.01. இதற்கு மேல், பங்குகள் இருக்கும் டீமேட் கணக்கிலிருந்து அவற்றை வெளியே எடுப்பதற்கான டிபி கட்டணம் 15.34. மொத்தம் 131.68 ரூபாய். ‘இலவசம்’ என்று சொன்ன இடத்தில் 132 ரூபாய் போயிருக்கிறது; அதில் எஸ்டிடியும் முத்திரையும் மட்டும் 112.50. புரோக்கருக்குப் போனது டிபி கட்டணத்தில் ஒரு பகுதிதான்.

இதையே ஆர்டருக்கு 20 ரூபாய் வாங்கும் புரோக்கரிடம் செய்தால் இரண்டு ஆர்டருக்கு 40, அதன் ஜிஎஸ்டி 7.20 என்று 47.20 ரூபாய் கூடும். அரை சதவீதம் வாங்கும் பழைய பாணிப் புரோக்கரிடம் செய்தால் 525, ஜிஎஸ்டி 94.50 சேர்த்து 619.50 கூடும். இந்தப் பழைய பாணி முழுச்சேவைப் புரோக்கரிடமிருந்து, குறைந்த கட்டணத்தில் ஆர்டரை மட்டும் நிறைவேற்றும் டிஸ்கவுன்ட் புரோக்கருக்கு மாறுவதில் உண்மையான லாபம் இருக்கிறது. இரண்டு டிஸ்கவுன்ட் புரோக்கர்களுக்கு இடையே உள்ள வித்தியாசமோ நீங்கள் எப்படி வாங்குகிறீர்கள் என்பதைப் பொறுத்துத் தலைகீழாகக்கூட மாறும்.

புரோக்கரேஜ்: ‘குறைந்தபட்சம்’ என்ற சொல்லைத் தேடுங்கள்

டிஸ்கவுன்ட் புரோக்கர்கள் இப்போது இரண்டு வகையாகப் பிரிந்திருக்கிறார்கள். ஜெரோதா போன்ற சிலர் டெலிவரிக்கு வாங்குவதில்லை. அன்றே வாங்கி அன்றே விற்கும் இன்ட்ராடேக்கு 20 ரூபாய் அல்லது 0.03 சதவீதம், எது குறைவோ அது. குரோ, ஏஞ்சல் ஒன் போன்றவர்கள் டெலிவரிக்கும் 20 ரூபாய் அல்லது 0.1 சதவீதம், எது குறைவோ அது என்று வாங்குகிறார்கள். ஏஞ்சல் ஒன் 2024 அக்டோபர் வரை டெலிவரியை இலவசமாகத்தான் வைத்திருந்தது. பெரிய புரோக்கர்களுக்கு எக்ஸ்சேஞ்ச் தரும் கட்டணத் தள்ளுபடியை அதே வருடம் அக்டோபர் 1 முதல் செபி நிறுத்தியதும் இந்தத் துறையின் கணக்கே மாறிப்போனது. இன்று சைபராக இருப்பது நாளை 20 ஆகலாம் என்பதற்கு இதுவே போதும். எந்தக் கட்டணப் பட்டியலையும் பார்த்த தேதியைப் பக்கத்தில் குறித்து வையுங்கள்.

‘எது குறைவோ அது’ என்பது காதுக்கு இனிமையாக இருக்கும். அதன் கீழே சின்ன எழுத்தில் ‘குறைந்தபட்சம் 5 ரூபாய்’ என்று இருக்கிறதா பாருங்கள். மாதம் 5,000 ரூபாய்க்கு ஒரே இடிஎஃப் வாங்கினால் 0.1 சதவீதம் என்பது 5 ரூபாய், ஜிஎஸ்டியோடு 5.90. வருடத்துக்கு 70.80. பரவாயில்லை. அதே 5,000-ஐ ஆயிரம் ஆயிரமாகப் பிரித்து ஐந்து பங்கு வாங்கினால்? ஆயிரத்துக்கு 0.1 சதவீதம் 1 ரூபாய்தான். ஆனால் குறைந்தபட்சம் 5. ஐந்து ஆர்டருக்கு 25, ஜிஎஸ்டியோடு 29.50. வருடத்துக்கு 354 ரூபாய். விகிதமாகப் பார்த்தால் 0.59 சதவீதம், முழுச்சேவைப் புரோக்கர் வாங்குவதும் ஏறக்குறைய அவ்வளவுதான்.

வேடிக்கை என்னவென்றால், டெலிவரிக்கு வாங்காத புரோக்கர் வருடப் பராமரிப்புக் கட்டணம் (ஏஎம்சி) 300 ரூபாய் என்று வைத்திருந்தால், ஜிஎஸ்டியோடு அதுவும் 354-தான். ஒரு பக்கம் மூடினால் இன்னொரு பக்கம் திறக்கும். மாதம் ஒரே ஆர்டர் போடுபவருக்கு ஏஎம்சி இல்லாத இடம் மலிவு. பிரித்துப் பிரித்து வாங்குபவருக்கு டெலிவரிக்கு வாங்காத இடம் மலிவு.

20 ரூபாய் எதற்கு என்பதிலும் ஒரு நுணுக்கம். நிறைவேறிய ஆர்டருக்குத்தான் கட்டணம். நூறு பங்கு கேட்டு அது பத்துத் துண்டாகக் கிடைத்தாலும் ஒரே நாளில் ஒரே ஆர்டராக இருந்தால் ஒரு கட்டணம்தான். மூன்று ஆர்டராகப் பிரித்துப் போட்டால் மூன்று. விலை இறங்க இறங்கக் கொஞ்சம் கொஞ்சமாக வாங்கும் பழக்கம் உள்ளவர்கள் இதைக் கணக்கில் வைக்க வேண்டும்.

டிபி கட்டணம்: சின்னக் கையைக் கடிப்பது இதுதான்

டீமேட் கணக்கிலிருந்து பங்கு வெளியே போகும்போதெல்லாம் ஒரு கட்டணம் உண்டு. ஜெரோதாவில் அது 15.34 ரூபாய்: பங்குகளை மின்னணுப் பதிவாக வைத்திருக்கும் டெபாசிட்டரியான சிடிஎஸ்எல்லுக்கு 3.50, புரோக்கருக்கு 9.50, ஜிஎஸ்டி 2.34. மற்றவர்கள் சிலர் கூடவும் சிலர் குறையவும் வைத்திருக்கிறார்கள். பெண்கள் முதல் பெயரில் இருக்கும் கணக்குக்கு சிடிஎஸ்எல் தன் பங்கில் 25 காசு குறைக்கிறது. பெரிய தொகையில்லை, தெரிந்திருக்கட்டும்.

இது எத்தனை பங்கு விற்றாலும் ஒரே கட்டணம்; ஒரு கம்பெனிக்கு ஒரு நாளைக்கு ஒரு தடவை. லட்ச ரூபாய்க்கு விற்றால் 15.34 என்பது கண்ணுக்கே தெரியாது. ஆயிரம் ரூபாய்க்கு விற்றால் ஒன்றரை சதவீதம். இருபது கம்பெனியில் ஆயிரம் ஆயிரம் போட்டு, ஒரு நாள் எல்லாவற்றையும் விற்றால் 306.80 ரூபாய் போகும். ஒரே கம்பெனிப் பங்கை இன்று பாதி, நாளை மீதி என்று விற்றால் இரண்டு தடவை கட்ட வேண்டும். காலையில் பாதி, மதியம் மீதி என்றால் ஒரு தடவைதான்.

இன்னொரு விஷயம், அன்றைய வாங்கல் விற்றலுக்குப் புரோக்கர் அனுப்பும் பில்லான கான்ட்ராக்ட் நோட்டில் இது வராது. லெட்ஜரில் தனி வரியாக விழும். கான்ட்ராக்ட் நோட்டை மட்டும் பார்த்து ஒப்பிட்டவர்களுக்கு இந்தக் கட்டணம் இருப்பதே தெரியாமல் போவது அதனால்தான்.

ஏஎம்சி: கேட்டு வாங்க வேண்டிய சலுகை

பிஎஸ்டிஏ என்று சொல்லப்படும் அடிப்படைச் சேவை டீமேட் கணக்கு பற்றிப் பலருக்குத் தெரிவதில்லை. 2024 செப்டம்பர் 1 முதல் இதன் வரம்பை செபி உயர்த்தியது. கணக்கில் இருக்கும் முதலீட்டின் மதிப்பு 4 லட்சம் வரை ஏஎம்சி கிடையாது. 4-லிருந்து 10 லட்சம் வரை வருடம் 100 ரூபாய். அதற்கு மேல் போனால் வழக்கமான கட்டணம். தகுதி உள்ளவருக்கு இந்த வகைக் கணக்கைத்தான் திறக்க வேண்டும், வேண்டாம் என்று அவரே ஒப்புதல் கொடுத்தால் ஒழிய. உங்கள் கணக்கு எந்த வகை என்று புரோஃபைல் பக்கத்தில் பாருங்கள். இல்லையென்றால் டிக்கெட் போட்டுக் கேளுங்கள். 4 லட்சத்துக்குள் இருப்பவருக்கு, மேலே பார்த்த 354 ரூபாய் ஏஎம்சி அப்படியே மறைந்துவிடும்.

ஆனால் ஒரு நிபந்தனை. உங்கள் பெயர் தனியாகவோ முதல் பெயராகவோ உள்ள டீமேட் கணக்கு நாட்டில் ஒன்றே ஒன்றுதான் இருக்க வேண்டும். ‘கணக்கு திறந்தால் 500 ரூபாய் வவுச்சர்’ என்று யாரோ சொன்னதற்காகப் போன வருடம் இன்னொரு ஆப்பில் திறந்து மறந்துபோன கணக்கும் இதில் சேரும். சிடிஎஸ்எல், இன்னொரு டெபாசிட்டரியான என்எஸ்டிஎல் அனுப்பும் ஒருங்கிணைந்த அறிக்கையைத் திறந்து பார்த்தால், உங்கள் பான் எண்ணில் எத்தனை டீமேட் இருக்கிறது என்று தெரிந்துவிடும். பத்தில் சிலருக்காவது அங்கே ஒரு ஆச்சரியம் காத்திருக்கும்.

‘ஆயுள் முழுதும் ஏஎம்சி இலவசம்’ என்ற விளம்பரம் வந்தால், அது முன்பணம் கட்டும் திட்டமா, முதல் வருடம் மட்டுமா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

பட்டியலின் கடைசியில் இருப்பவை

கட்டணப் பக்கத்தில் கீழே உருட்டிப் போனால்தான் கண்ணில் படுபவை சில உண்டு. அவற்றில் பணத்தைத் தின்பது எம்டிஎஃப். புரோக்கர் கடன் கொடுத்துப் பங்கு வாங்க வைக்கும் வசதி அது. 50,000 ரூபாய்ப் பங்குக்கு ‘தேவை 15,000’ என்று ஆப் காட்டினால், நீங்கள் டெலிவரியில் அல்ல, எம்டிஎஃப்பில் நிற்கிறீர்கள். வட்டி நாளுக்கு 0.04 சதவீதம் என்று எழுதியிருப்பார்கள், சின்னதாகத் தெரியும். வருடத்துக்கு அது 14.6 சதவீதம். லட்ச ரூபாய்க் கடனுக்கு நாளைக்கு 40, மாதத்துக்கு 1,200. சனி, ஞாயிறுக்கும் வட்டி ஓடும். பங்கை அடகு வைக்கவும் விடுவிக்கவும் தனிக் கட்டணம். ஒப்பிடும்போது, ஆர்டர் பக்கத்தில் முதலில் தேர்வாகி நிற்பது டெலிவரியா, எம்டிஎஃப்பா என்று பாருங்கள். கடனை முன்னே நீட்டும் ஆப்பை விட, சிஎன்சி என்ற டெலிவரி பட்டனை முன்னே வைக்கும் ஆப் நல்லது.

அடுத்தது, எம்ஐஎஸ் என்ற இன்ட்ராடே வகையில் தெரியாமல் வாங்குவது. காலையில் வாங்கிய பங்கு மாலையில் காணோம் என்று பதறுபவர்களுக்கு நடந்திருப்பது இதுதான். 3.30-க்குச் சந்தை மூடும் முன் புரோக்கரின் சிஸ்டமே அதை விற்றுவிடும். தானாக விற்றதற்கு ஒரு கட்டணமும் உண்டு. 50 ரூபாய், ஜிஎஸ்டியோடு 59 என்பது பல இடத்திலும் வழக்கம். ஃபோனில் ஆர்டர் சொன்னாலும் அதே மாதிரி. 3 மணிக்கு முன் கவனித்தால், ‘பொசிஷன்’ பக்கத்தில் டெலிவரியாக மாற்றும் வசதி இருக்கும். முழுப் பணம் கணக்கில் இருந்தால் போதும்.

கணக்கு மைனஸில் போனால் வட்டி உண்டு. ஏஎம்சியோ டிபி கட்டணமோ பிடிக்கப் பணம் இல்லாமல் 60 ரூபாய் மைனஸில் நின்று, அதன் மேல் நாள் வட்டி ஏறிக்கொண்டிருக்கும் தூங்கும் கணக்குகள் நிறைய. யுபிஐயில் பணம் போடுவது இலவசம். நெட்பேங்கிங் வழியாகப் போட்டால் சிலர் 9 ரூபாயும் ஜிஎஸ்டியும் பிடிப்பார்கள். தினமும் சிறு தொகை போடுபவருக்கு அதுவே ஒரு புரோக்கரேஜ்.

இன்ட்ராடே செய்வேன் என்பவருக்கு

லட்ச ரூபாய்க்கு வாங்கி, அன்றே ஏறக்குறைய அதே விலைக்கு விற்றால்: புரோக்கரேஜ் 40, எஸ்டிடி விற்பனையில் மட்டும் 0.025 சதவீதமாக 25, முத்திரை 3, எக்ஸ்சேஞ்ச் 6, செபி 20 காசு, ஜிஎஸ்டி 8.32. மொத்தம் 82.52. பங்கு 0.08 சதவீதத்துக்கு மேல் ஏறினால்தான் உங்களுக்கு முதல் ரூபாய். இதில் புரோக்கருக்குப் போவது ஏறக்குறையப் பாதி என்பதால், இந்த வகைக்குப் புரோக்கரேஜ் ஒப்பீடு உண்மையிலேயே முக்கியம். சின்னத் தொகையில் செய்பவர், 0.03 சதவீதம் என்று குறைந்தபட்சம் இல்லாமல் வாங்கும் இடத்தைப் பார்க்க வேண்டும்.

பங்கையே வாங்காமல் அதன் வருங்கால விலையை வைத்துச் செய்யும் ஒப்பந்தங்களான ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ் பற்றி ஒரே வரி: 2022 முதல் 2024 வரையிலான மூன்று நிதியாண்டுகளில் அங்கே இறங்கிய தனிநபர்களில் 93 சதவீதம் பேர் நஷ்டப்பட்டார்கள் என்று செபியே கணக்கெடுத்துச் சொல்லியிருக்கிறது. டெலிவரியை இலவசமாகக் கொடுக்கும் புரோக்கருக்குச் சம்பளம் எங்கிருந்து வருகிறது என்ற கேள்விக்குப் பெரும்பகுதி விடை அங்கேதான் இருக்கிறது.

நம்பலாமா என்று பார்ப்பது

கட்டணத்தில் வருடம் 200 ரூபாய் மிச்சம் பிடிக்கப் போய், மொத்தத்தையும் தொலைத்துவிடக் கூடாது. செபியின் தளத்தில் அங்கீகரிக்கப்பட்ட இடைத்தரகர்கள் பட்டியல் இருக்கிறது. புரோக்கரின் பதிவு எண் ஐஎன்இசட் என்று தொடங்கும். ஆப்பில் கீழே போட்டிருக்கும் எண்ணும் பட்டியலில் உள்ள எண்ணும் பெயரும் ஒன்றா என்று பாருங்கள். பெரிய புரோக்கரின் பெயரில் போலி ஆப், போலி வாட்ஸ்அப் குழு நடத்துபவர்கள் பிடிபடுவது பெரும்பாலும் பணம் கேட்கும் இடத்தில்தான். 2025 அக்டோபர் முதல் பதிவு பெற்ற புரோக்கர்களுக்குத் தனி யுபிஐ முகவரி உண்டு: பெயருக்குப் பின் ‘பிஆர்கே’, அட் குறிக்குப் பின் ‘வேலிட்’ என்ற சொல், அதன் பின் வங்கியின் பெயர். பணம் அனுப்பும் திரையில் பச்சை முக்கோணத்துக்குள் கட்டைவிரல் அடையாளம் வரும். தனிநபர் கணக்குக்கோ ஏதோ ஒரு டிரேடர்ஸின் கணக்குக்கோ பணம் அனுப்பச் சொன்னால், அங்கேயே நிறுத்துங்கள்.

புகார் எண்ணிக்கையையும் பாருங்கள். ஒவ்வொரு புரோக்கரும் மாதாமாதம் வந்த புகார், தீர்த்தது, நிலுவை, தீர்க்க எடுத்த சராசரி நாட்கள் என்று தன் தளத்தில் போட வேண்டும். பெரும்பாலும் பக்கத்தின் அடியில், ‘இன்வெஸ்டர் சார்ட்டர்’ என்ற இணைப்புக்குள் ஒளிந்திருக்கும். வாடிக்கையாளர் அதிகம் உள்ள இடத்தில் புகாரும் அதிகம்தான் இருக்கும். அதனால் என்எஸ்இ வெளியிடும் ஆக்டிவ் வாடிக்கையாளர் எண்ணிக்கையால் வகுத்துப் பார்க்க வேண்டும். ஒரு மாதத்து எண்ணை வைத்து முடிவு செய்யாமல் ஆறு மாதம் பாருங்கள்.

2019 நவம்பரில் கார்வி என்ற புரோக்கர் நிறுவனத்தின் விவகாரம் வெடித்தபோது, வாடிக்கையாளரின் பங்குகளைப் புரோக்கரே வங்கிகளில் அடகு வைத்துக் கடன் வாங்கியிருந்தது தெரியவந்தது. அதன் பின் விதிகள் இறுகின. 2020 செப்டம்பர் முதல் அடகு வைத்த பங்கும் உங்கள் டீமேட்டிலேயே இருக்கும். 2025 பிப்ரவரி முதல் வாங்கிய பங்கு, புரோக்கரின் கணக்கைத் தொடாமல் நேராக உங்கள் டீமேட்டுக்கு வருகிறது. ஆனாலும் ஆப்பில் காட்டும் பட்டியலை மட்டும் நம்பாமல், சிடிஎஸ்எல்லின் ‘ஈசி’ அல்லது என்எஸ்டிஎல்லின் தளத்தில் தனியாகப் பதிவு செய்து, மூன்று மாதத்துக்கு ஒரு தடவை எண்ணிக்கை ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். இலவசம்தான், பத்து நிமிட வேலை.

கணக்கில் சும்மா கிடக்கும் பணத்தைப் புரோக்கர் மாதம் ஒரு தடவையோ மூன்று மாதத்துக்கு ஒரு தடவையோ உங்கள் வங்கிக்கே திருப்பிவிட வேண்டும். அப்படி ஒரு வெள்ளி இரவு பேலன்ஸ் சைபர் ஆனதும் பயப்படாதீர்கள், வங்கியில் வந்திருக்கும்.

கணக்கு திறக்கும் இடத்தில் இனிஷியல் தகராறு

பான், மொபைல் எண் இணைந்த ஆதார், வங்கிக் கணக்கு, வெள்ளைத்தாளில் கையெழுத்து இவ்வளவு இருந்தால் அரை மணியில் முடியும் என்பார்கள். தமிழ்நாட்டில் பலருக்கு அது முடிவதில்லை. காரணம் இனிஷியல். ஆதாரில் ‘எஸ். முருகன்’, பானில் ‘முருகன் சண்முகம்’, வங்கியில் ‘முருகன் எஸ்’ என்று மூன்று மாதிரி இருக்கும். சிஸ்டம் வங்கிக் கணக்கில் ஒரு ரூபாய் போட்டுப் பெயரை ஒத்துப் பார்க்கும். பொருந்தாவிட்டால் விண்ணப்பம் கையால் சரிபார்க்கும் வரிசைக்குப் போய்விடும், நாள்கணக்கில் நிற்கும். பானும் ஆதாரும் ஒன்றாக இல்லையென்றால் முதலில் ஒன்றைத் திருத்துங்கள். எந்தப் புரோக்கரிடம் போனாலும் இது தீராது. பின்னால் பங்கை ஒரு டீமேட்டிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும்போதும் இதே இடத்தில்தான் இடறும்.

ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ் பிரிவை டிக் செய்யாமல் விடுங்கள். வருமானச் சான்று கேட்பதும் நிற்கும், கையும் அரிக்காது. நாமினியை அன்றே சேர்த்துவிடுங்கள்.

விற்க இரண்டு வழி உண்டு. ஒவ்வொரு தடவையும் டெபாசிட்டரி தரும் டிபின் என்ற ரகசிய எண்ணும் ஓடிபியும் போட்டு ஒப்புதல் தருவது ஒன்று. டிடிபிஐ என்ற ஒரே தடவை அனுமதி இன்னொன்று. டிடிபிஐக்கு 100 ரூபாயும் ஜிஎஸ்டியும் என்ற அளவில் வாங்குவார்கள். வருடத்துக்கு இரண்டு தடவை விற்பவருக்கு அது தேவையில்லை. ஆனால் சந்தை தடதடவென்று விழும் காலையில் ஓடிபி வராமல் நிற்பது உண்டு. அடிக்கடி விற்பவர் கொடுத்துவிடுவது நல்லது. பழைய பவர் ஆஃப் அட்டர்னி போல் அல்லாமல், இது குறிப்பிட்ட சில வேலைகளுக்கு மட்டுமே செல்லும்.

ஐந்நூறு ரூபாய்ச் சோதனை

இரண்டு பேர் வரை சுருக்கிவிட்டீர்கள் என்றால், மிச்சத்தை விளம்பரம் சொல்லாது, ஆப்தான் சொல்லும். ஒன்றைத் திறந்து ஐந்நூறு ரூபாய் போடுங்கள். சில நூறு ரூபாய் விலையுள்ள ஒரு இடிஎஃப்பை டெலிவரியில் ஒரு யூனிட் வாங்குங்கள். அன்று மாலை கான்ட்ராக்ட் நோட் மின்னஞ்சலில் வரும். கடவுச்சொல் பெரும்பாலும் பெரிய எழுத்தில் பான் எண். மேலே சொன்ன ஒவ்வொரு வரியையும் அதில் கண்டுபிடியுங்கள். அடுத்த வேலை நாளில் டீமேட்டில் வந்துவிட்டதா என்று டெபாசிட்டரியின் எஸ்எம்எஸ்ஸை வைத்துப் பாருங்கள். பிறகு விற்றுப் பாருங்கள்: ஓடிபி எத்தனை நொடியில் வருகிறது, எத்தனை திரை தாண்ட வேண்டியிருக்கிறது. பணத்தை வங்கிக்கு எடுக்கக் கோரிக்கை கொடுத்து, எத்தனை மணிக்குள் கொடுத்தால் எப்போது வருகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். கடைசியாக லெட்ஜரை இறக்கி, போட்ட பணத்துக்கும் திரும்பிய பணத்துக்கும் ஒவ்வொரு ரூபாயாகக் கணக்கு சொல்ல முடிகிறதா பாருங்கள். டிபி கட்டணம் அங்கே நிற்கும்.

இந்த வேலைகளை 9.15-லிருந்து 9.45-க்குள் செய்வது நல்லது. ஆப் தள்ளாடுவதாக இருந்தால் அந்த அரை மணியில்தான் தள்ளாடும். அதே நேரத்தில் ஹெல்ப்லைனுக்கு ஒரு ஃபோன் போட்டு, மனிதக் குரல் எத்தனை நிமிடத்தில் கேட்கிறது என்று பாருங்கள். தமிழில் பேச ஆள் உண்டா என்றும் கேளுங்கள். வெப் வழியும் மொபைல் வழியும் தனித்தனியாக வேலை செய்தால், ஒன்று விழுந்தாலும் இன்னொன்று இருக்கும். புரோக்கரின் சிஸ்டமே மொத்தமாகப் படுத்துவிட்டால், எடுத்த நிலைகளை மூடவும் ஆர்டர்களை ரத்து செய்யவும் எக்ஸ்சேஞ்சுகள் 2023 அக்டோபரில் ஒரு பொதுத் தளத்தைக் கொண்டுவந்தன. ஆனால் புரோக்கர் கேட்டோ எக்ஸ்சேஞ்ச் தானாக முடிவு செய்தோ இயக்கிய பிறகுதான் அது திறக்கும். புதிதாக வாங்க முடியாது.

வரி அறிக்கையையும் இறக்கிப் பாருங்கள். பன்னிரண்டு மாதத்துக்கு மேல் வைத்தவற்றையும் அதற்குள் விற்றவற்றையும் தனியாகப் பிரித்து, போனஸ் (கம்பெனி தரும் இலவசப் பங்கு), ஸ்ப்ளிட் (ஒரு பங்கைப் பலவாகப் பிரிப்பது) ஆகியவற்றுக்கு விலையைச் சரிசெய்து தருகிறதா? முதல் வகைக்கு 1.25 லட்சத்துக்கு மேல் 12.5 சதவீதம், இரண்டாவதற்கு 20 சதவீதம் என்று வரி வேறுபடுவதால், இங்கே ஒரு தேதி தவறினால் வருடம் முழுக்கப் புரோக்கரேஜில் மிச்சம் பிடித்தது போய்விடும்.

நீண்ட கால முதலீட்டையும் வாங்கி விற்பதையும் ஒரே டீமேட்டில் வைத்தால், முதலில் வாங்கியது முதலில் விற்றதாகவே கணக்கு போகும். பத்து வருடமாகச் சேர்த்ததும் அதில் கரையும். இந்தக் கணக்கு டீமேட் வாரியாகத்தான் போடப்படும். இரண்டையும் பிரிக்க இரண்டு கணக்கு வைப்பதில் அதனால் அர்த்தம் உண்டு. பிஎஸ்டிஏ சலுகை போகும் என்பதைத் தெரிந்தே செய்யுங்கள்.

வெளிநாடு போகிறவர்கள்

சிங்கப்பூருக்கோ துபாய்க்கோ வேலைக்குப் போய் என்ஆர்ஐ ஆகிவிட்டால், உள்ளூர்வாசியாகத் திறந்த கணக்கை அப்படியே ஓட்டக் கூடாது. என்ஆர்ஐகளுக்கான என்ஆர்ஓ வங்கிக் கணக்கோடு இணைந்த வேறு டீமேட் திறந்து பங்குகளை மாற்ற வேண்டும். என்ஆர்ஐகளுக்குக் கட்டணப் பட்டியலே வேறு; சைபர் டெலிவரி அங்கே பொதுவாகக் கிடைக்காது. போகப் போகிறவர் இப்போதே அந்தப் பட்டியலையும் சேர்த்துப் பார்ப்பது நல்லது.

மாறும்போது

புரோக்கரை மாற்றப் பங்கை விற்க வேண்டியதில்லை. ஒரே பெயர், ஒரே பான் உள்ள இன்னொரு டீமேட்டுக்கு எல்லாவற்றையும் மாற்றிப் பழைய கணக்கை மூடினால், மாற்றக் கட்டணம் கிடையாது. மூடாமல் சிலவற்றை மட்டும் மாற்றினால் ஒவ்வொரு கம்பெனிக்கும் கட்டணம் விழும். சிடிஎஸ்எல்லிலிருந்து சிடிஎஸ்எல்லுக்கு என்றால் ‘ஈசியஸ்ட்’ என்ற அதன் ஆன்லைன் வசதி வழியாக வீட்டிலிருந்தே முடிக்கலாம். ஆன்லைன் வழி இல்லையென்றால், பங்கை மாற்றச் சொல்லும் உத்தரவுப் படிவமான டிஐஎஸ் சிலிப் எழுதி அனுப்ப வேண்டும். சிலிப்பில் கையெழுத்து கணக்கு திறந்தபோது போட்டது போல இல்லையென்றால் திரும்பி வரும். ஆப் திரையில் விரலால் கிறுக்கிய கையெழுத்தைத்தான் அங்கே ஒத்துப் பார்ப்பார்கள் என்பதைத் திறக்கும் நாளிலேயே நினைவில் வையுங்கள்.

அடகில் இருக்கும் பங்கு மாறாது. முதலில் விடுவிக்க வேண்டும். லெட்ஜர் மைனஸில் இருந்தால் மூடமாட்டார்கள். புதிய இடத்தில் பங்குகள் வந்ததும் வாங்கிய விலை சைபராகவோ மாற்றிய நாளின் விலையாகவோ காட்டும். பழைய கான்ட்ராக்ட் நோட்டைப் பார்த்து நீங்களே தேதியும் விலையும் நிரப்ப வேண்டும். கணக்கு மூடியதும் பழைய ஆப்பின் லாகின் போய்விடும். அதனால் எல்லா வருடத்துக் கான்ட்ராக்ட் நோட், லெட்ஜர், வரி அறிக்கை, ஹோல்டிங் அறிக்கை இவற்றை இறக்கி வைத்த பிறகுதான் மூடும் படிவத்தில் கையெழுத்துப் போடுங்கள்.